பட்டாவும் நிலமும்: கூடங்குளம் மால்வேரும் வன்தட்டின் இன்னொரு கதவும்

2019 அக்டோபர் 29ஆம் தேதி கூடங்குளம் அணுமின் நிலையம் ஒரு மறுப்பு அறிக்கை விட்டது. அணு உலைகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி வலையோடும் இணையத்தோடும் தொடர்பில்லாதவை, அதனால் அவற்றின் மேல் சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்பது அதன் சாரம். கூடவே, முதல் அலகு 1000 மெகாவாட், இரண்டாவது அலகு 600 மெகாவாட் உற்பத்தி செய்துகொண்டிருக்கின்றன என்ற தகவலும் இருந்தது. மறுநாளே என்பிசிஐஎல் இன்னொரு அறிக்கை விட்டது: மால்வேர் கண்டறியப்பட்டது உண்மைதான், செப்டம்பர் 4ஆம் தேதி செர்ட்-இன் தெரிவித்தது, பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த ஒரு பயனரின் கணினி, முக்கியமான உள்வலையிலிருந்து அது பிரிக்கப்பட்டிருக்கிறது, உலை அமைப்புகளுக்குப் பாதிப்பு இல்லை.

ஒரே நாள் இடைவெளியில் வந்த இந்த இரண்டு அறிக்கைகளை வைத்து நம்ம ஊரில் நடந்த விவாதம் என்னவென்றால், "அப்போ உலையை ஹேக் பண்ணிட்டாங்களா, இல்லையா?" இடிந்தகரைப் போராட்டத்தின் நினைவு இன்னும் ஆறாத இடத்தில் அந்தக் கேள்வி எழுந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த அக்டோபரிலேயே இரண்டாவது அலகு ஒருமுறை நின்றுபோனது வேறு சேர்ந்துகொண்டது. ஒரு தரப்பு "செர்னோபில்" என்றது, இன்னொரு தரப்பு "ஏர்-கேப் இருக்கு, போய் வேலையைப் பாருங்க" என்றது. கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருக்கிறது என்பதை நான் மறுக்கப் போவதில்லை. நிர்வாகக் கட்டடத்துக் கணினி ஒன்றில் புகுந்த நிரலால் நேரே உலையைத் தொட்டுவிட முடியும் என்பதற்குப் பொதுவெளியில் ஒரு ஆதாரமும் இல்லை. என்னுடைய புகார் வேறு. அறிக்கையில் "ஒரு கணினி" என்று ஒரு சொல் வருகிறதே, அதை யாரும் நின்று படிக்கவில்லை. பிரச்சினை வலைகளுக்கு நடுவே ஒரு கோடு போடுவதோடு முடிந்துவிட்டதாக அறிக்கை நினைக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கணினிக்குள் என்ன கோடு இருந்தது? இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

முதலில், வெளியே தெரிந்த விவரங்கள். வைரஸ்டோட்டலில் ஏற்றப்பட்ட அந்த நிரலின் மாதிரி டிட்ராக் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. கணினியில் உள்ள கோப்புகளின் பட்டியல், பிரவுசர் வரலாறு, வலை முகவரிகள், ஓடும் நிரல்களின் பட்டியல் எல்லாவற்றையும் திரட்டிப் பொட்டலம் கட்டுவது அதன் வேலை. அந்தப் பொட்டலத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது: உள்வலையின் ஒரு முகவரி, அந்தக் கணினியின் சி டிரைவ், நுழைய கேகேஎன்பிபி என்ற டொமைனின் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு, அதன் பாஸ்வேர்ட். இதே நேரத்தில் புக்ராஜ் சிங் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், டொமைன் கன்ட்ரோலர் அளவுக்கு அணுகல் கிடைத்திருந்தது என்று ட்விட்டரில் எழுதினார். "ஒரு பயனரின் கணினி" என்பதும் "டொமைன் கன்ட்ரோலர்" என்பதும் ஒன்றல்ல. ஒரு வீட்டின் சாவி தொலைந்தது என்பதற்கும் சாவி செய்பவரின் பெட்டியே தொலைந்தது என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. அட்மின் பாஸ்வேர்டை உள்ளுக்குள் எழுதிக்கொண்டு வந்த நிரல், முதல்முறை உள்ளே வரும் நிரலாக இருக்க வழியில்லை. அதற்கு முன்னாலேயே யாரோ வந்து பார்த்துப் போயிருக்க வேண்டும்.

சரி, அட்மின் பாஸ்வேர்ட் கையில் இருந்தால் ஒரு கணினியில் என்னவெல்லாம் செய்யலாம்? "எல்லாம்" என்பார்கள். அந்த "எல்லாம்" எவ்வளவு ஆழம் போகும் என்பதைப் பார்க்க, வன்தட்டை இயங்குதளம் எப்படிக் கையாள்கிறது என்பதற்குள் கொஞ்சம் போக வேண்டும்.

தாமிரபரணிப் பாசனத்தில் கால்வாய்த் தண்ணீர் நேராக வயலுக்குப் பாய்வதும் உண்டு. குளத்தில் நிரம்பி, மடை வழியாக வயலுக்குப் போவதும் உண்டு. யூனிக்ஸ் தன் ஆரம்ப காலத்திலேயே வன்தட்டுக்கு இந்த இரண்டு வழியையும் வைத்தது. ஒன்று பிளாக் டிவைஸ். நீங்கள் எழுதுவதை கர்னல் முதலில் நினைவகத்தில், அதாவது கேஷில், தேக்கிக்கொள்ளும். "எழுதியாச்சு" என்று நிரலிடம் சொல்லிவிட்டு, தனக்கு வசதியான நேரத்தில், வசதியான வரிசையில் தட்டில் இறக்கும். ஒரு பைட் மட்டும் கேட்டாலும் கொடுக்கும். முழு பிளாக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு பைட்டைக் கிள்ளித் தரும். இன்னொன்று ரா டிவைஸ். (உளவுத்துறை இல்லை, "பச்சையான" என்ற பொருளில்.) குளம் இல்லை, நேரடிப் பாய்ச்சல். 512 பைட், 4096 பைட் என்று தட்டின் செக்டார் அளவுக்குச் சரியாக வெட்டித்தான் கேட்க வேண்டும், கொடுக்க வேண்டும். பழைய யூனிக்ஸில் ஆர்கே என்ற டிஸ்க்குக்கு ஒரு பெயர், அதன் முன்னால் இன்னொரு "ஆர்" சேர்த்தால் அதன் ரா வடிவம். மேக் கணினியில் இன்றைக்கும் இந்த வழக்கம் இருக்கிறது.

ஆரக்கிள் மாதிரியான டேட்டாபேஸ்காரர்கள் ரா வழியைத்தான் விரும்பினார்கள். கரண்ட் போனால் குளத்தில் இருந்த தண்ணீர் போச்சு; "எழுதியாச்சு" என்ற வார்த்தையை நம்பி வங்கிக் கணக்கு நடத்த முடியாது. ஃப்ரீபிஎஸ்டி இதே காரணத்துக்காக பிளாக் டிவைஸையே தூக்கிப் போட்டது. லினக்ஸ் நேர் எதிராகப் போய், எல்லாவற்றையும் பிளாக் டிவைஸாக வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு மட்டும் ஓ-டைரக்ட் என்ற கொடி மூலம் கேஷைச் சுற்றிப் போக விட்டது. தனியாக வைத்திருந்த ரா டிரைவரை 2021-ல் 5.14 பதிப்பில் நீக்கிவிட்டது. பாடப்புத்தகங்கள் இந்த விஷயத்தை இங்கே முடித்துவிடும். வேகம், கேஷ், டேட்டாபேஸ், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பாடப்புத்தகங்கள் மேல் உள்ள முதல் குறையே இதுதான். பிளாக், ரா இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குகிற ஆர்வத்தில், இரண்டுக்கும் பொதுவான ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன: இரண்டுமே ஃபைல் சிஸ்டத்துக்குக் கீழே இருக்கின்றன.

இந்தக் கோப்பு இன்னாருடையது, இவர் படிக்கலாம், அவர் எழுதலாம் என்பதெல்லாம் பட்டா-சிட்டா மாதிரி. பதிவேட்டில் பெயர் இருக்கும், சர்வே எண் இருக்கும், விஏஓ கையெழுத்து இருக்கும். ஆனால் பதிவேடு வேறு, நிலம் வேறு. ஜேசிபியோடு நேராக நிலத்தில் இறங்குகிறவன் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. வன்தட்டை டிவைஸாகத் திறந்துவிட்டால் அங்கே கோப்பு இல்லை, உரிமையாளர் இல்லை, அனுமதி இல்லை. 0 முதல் கடைசி வரை எண் போட்ட செக்டார்கள் மட்டும்தான். கொடுமை என்னவென்றால், இந்தக் கணினி ஊரில் பதிவேடும் அதே நிலத்தில்தான் புதைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நிலத்தைத் தோண்டுகிறவன் பட்டாவையே மாற்றி எழுதிவிடலாம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெவ் அடைவில் எஸ்டிஏ என்ற பெயரைப் பாருங்கள். உரிமையாளர் ரூட், குழு "டிஸ்க்", இருவருக்கும் படிக்க, எழுத அனுமதி. பேக்கப் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒரு பயனரை அந்த டிஸ்க் குழுவில் சேர்க்கும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சேர்த்த கணமே அவர் ரூட் ஆகிவிட்டார். பாஸ்வேர்ட்களின் ஹாஷ் இருக்கும் ஷேடோ கோப்பைத் திறக்க அவருக்கு அனுமதி இருக்காது. ஆனால் டீபக்எஃப்எஸ் கருவியால் அதே கோப்பைத் தட்டிலிருந்து நேராக எடுத்துவிடலாம்.

விண்டோஸில் நடந்த கதை இன்னும் சுவாரசியமானது. எக்ஸ்பி காலத்தில் அட்மின் நினைத்தால் எந்த செக்டாரிலும் எழுதலாம். விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் 64-பிட் கர்னலுக்குள் கையெழுத்திட்ட டிரைவர்கள் மட்டுமே நுழையலாம் என்று விதி கொண்டுவந்தது. 2006 ஆகஸ்டில் பிளாக் ஹாட் மாநாட்டில் ஜோனா ருட்கோவ்ஸ்கா அதை உடைத்துக் காட்டினார். வழி எளிமையானது: நினைவகத்தை வேண்டுமென்றே நிரப்பினால், கர்னலின் சில பகுதிகள் தட்டில் உள்ள பேஜ் ஃபைலுக்குப் போகும், அந்தக் கோப்பைத் திறக்க விடமாட்டார்கள், ஆனால் தட்டை ராவாகத் திறக்க விடுவார்கள், அங்கே போய் மாற்றி எழுது, கர்னல் தானாகவே திரும்ப எடுத்துக்கொள்ளும். பூட்டிய வாசலை விட்டுவிட்டு வீட்டின் அஸ்திவாரத்தில் கை வைத்தார்.

மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? பின்னால் வந்த ஒரு சோதனைப் பதிப்பில், ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகியிருக்கும் பகுதிகளில் சாதாரண நிரல்கள் ராவாக எழுதுவதைத் தடுத்தது. ருட்கோவ்ஸ்கா அதைக் கொண்டாடவில்லை. டிஸ்க் எடிட்டர், அழிந்த கோப்பு மீட்கும் கருவி விற்பவர்கள் இனி தங்களுக்கென்று கையெழுத்திட்ட டிரைவர் எழுதிக்கொள்வார்கள். தாக்குபவன் ஓட்டையே தேட வேண்டாம், அந்த டிரைவரையே கையோடு கொண்டுவந்து பயன்படுத்திக்கொள்வான் என்று அப்போதே எழுதினார்.

அப்படியே நடந்தது. 2012 ஆகஸ்டில் சவுதி அராம்கோவின் சுமார் 30,000 கணினிகளை அழித்த ஷமூன், எல்டோஸ் நிறுவனத்தின் ராடிஸ்க் என்ற, முறையாகக் கையெழுத்திட்ட, கடையில் விற்கும் டிரைவரைத் தன்னோடு கொண்டுவந்தது. அதுவும் டிரையல் உரிமத்தோடு! 2016-ல் ஷமூன் திரும்ப வந்தபோது, அந்த உரிமம் காலாவதி ஆகிவிட்டதால், கணினியின் தேதியை 2012 ஆகஸ்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்கியது. 2014-ல் சோனி பிக்சர்ஸை அழித்த நிரலிலும் அதே ராடிஸ்க். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் கணினிகளை அழித்த ஹெர்மெடிக்வைப்பர் கொண்டுவந்தது ஈஸ்யூஎஸ் நிறுவனத்தின் பார்ட்டிஷன் கருவியின் டிரைவர். ஆகாத டிரைவர்களின் தடைப்பட்டியலை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் இயல்பாகவே இயக்கி வைத்ததும் அந்த 2022-ல்தான், விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டில். பதினாறு வருஷம்! இத்தனைக்கும் 2006-ன் அந்தத் தடையில் இன்னொரு இடைவெளியும் இருந்தது: எந்தப் பகுதிக்குள்ளும் சேராத செக்டார்களில் அட்மின் தாராளமாக எழுதலாம். கணினி எழுந்திருக்கத் தேவையான மாஸ்டர் பூட் ரெக்கார்ட் இருப்பதே அப்படி ஒரு இடத்தில்தான், முதல் செக்டாரில்.

இப்போது கூடங்குளத்துக்குத் திரும்பலாம், ஏனென்றால் இந்தக் கதையும் அந்தக் கதையும் ஒரே குடும்பம். 2019 செப்டம்பர் 23ஆம் தேதி, கூடங்குளம் விவகாரம் வெளியே வருவதற்கு ஒரு மாதம் முன்பே, காஸ்பர்ஸ்கி டிட்ராக் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. 2018-ல் இந்திய ஏடிஎம்களில் கார்டு விவரம் திருடிய ஏடிஎம்டிட்ராக்கின் பின்னால் போனபோது கிடைத்த உளவு நிரல் இது. 2013-ல் தென்கொரியாவைத் தாக்கிய டார்க்சியோல் நிரல்களோடு இதன் குறிமுறை ஒத்துப்போகிறது, லாசரஸ் என்று அழைக்கப்படும் குழுவின் வேலை என்றது அந்த அறிக்கை. சோனி தாக்குதலிலும் இதே குழுவின் பெயர்தான் அடிபட்டது.

டார்க்சியோல் என்ன செய்தது? 2013 மார்ச் 20ஆம் தேதி கேபிஎஸ், எம்பிசி, ஒய்டிஎன் தொலைக்காட்சிகள், ஷின்ஹான், நோங்ஹ்யூப் வங்கிகள் என்று 30,000-க்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கியது. வழி: வன்தட்டை ராவாகத் திறந்து, மாஸ்டர் பூட் ரெக்கார்டின் மேல் குப்பையை எழுதுவது. அதோடு நிற்கவில்லை. பணியாளரின் விண்டோஸ் கணினியில் சேமித்து வைக்கப்பட்ட சர்வர் பாஸ்வேர்ட்களைத் தேடி எடுத்து, ஏஐஎக்ஸ், ஹெச்பி-யூஎக்ஸ் போன்ற யூனிக்ஸ் சர்வர்களுக்குள் போய், அங்கே ஒவ்வொரு கணினியிலும் இருக்கும் டிடி என்ற கட்டளையை வைத்தே தட்டை அழித்தது. யூனிக்ஸ் பாடத்தில் முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கும் கட்டளை அது.

ஆக, கூடங்குளத்தின் நிர்வாக வலைக்குள் டொமைன் அட்மின் பாஸ்வேர்டோடு உலவியவர்களின் பெட்டியில் அழிக்கும் கருவியும் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பே பயன்படுத்திப் பார்த்தது. இங்கே வந்த நிரலில் அந்தப் பகுதி இல்லை. படித்துவிட்டு மட்டும் போனது அவர்களின் முடிவு. அந்தக் கணினிகளின் இயங்குதளம் தடுத்ததால் அல்ல. "பாதிப்பு இல்லை" என்ற வாக்கியத்தை நான் படிக்கும்போது உறுத்துவது இதுதான்: வந்தவன் செய்யாமல் விட்டதை நம்முடைய பாதுகாப்புக் கணக்கில் வரவு வைக்கிறது அது. நிர்வாக வலை என்றால் ஏதோ கேண்டீன் கணக்கு, லீவு லெட்டர் என்று நினைத்துக்கொள்கிறோம். எந்த நிறுவனத்திலும் கொள்முதல், வரைபடம், பணியாளர் விவரம், ஒப்பந்தக்காரர்களோடு போய்வரும் மின்னஞ்சல் எல்லாம் கடந்துபோவது அந்த வலைதான். ஏர்-கேப்பைத் தாண்ட விரும்புகிறவனுக்கு முதலில் தேவைப்படுவதும் அந்த விவரங்கள்தான். நடான்ஸுக்குள் ஸ்டக்ஸ்நெட் போனது பென்டிரைவ் வழியாக. கையெழுத்திட்ட டிரைவர் அதிலும் உண்டு. திருடிய சான்றிதழில் போட்ட கையெழுத்து.

இந்தக் கதவை மூடவே முடியாதா என்றால், மூடும் வழி ஒன்று 1993-லேயே இருந்தது. 4.4 பிஎஸ்டியில் செக்யூர்லெவல் என்று ஒரு ஏற்பாடு. அளவு 1-ல் மவுண்ட் ஆன தட்டுகளை ராவாகப் படிக்க மட்டும் முடியும். அளவு 2-ல் எந்தத் தட்டிலும் ராவாக எழுத முடியாது. அளவை ஏற்றலாம், இறக்க முடியாது; ரூட்டாலும் முடியாது, ரீபூட் செய்தே ஆக வேண்டும். ஓபன்பிஎஸ்டி இன்றும் இயல்பாகவே அளவு 1-ல் ஓடுகிறது. இதில் ஓட்டை இல்லை என்று சொல்லவில்லை. தொடக்க ஸ்கிரிப்டை மாற்றிவிட்டு ரீபூட் செய்தால் போச்சு. ஆனாலும் "அட்மின்" என்ற ஒரே சொல்லை இரண்டாக உடைத்தார்களே, அது பெரிய விஷயம்: கணினியை நிர்வகிப்பவர் வேறு, நிலத்தைத் தோண்டுபவர் வேறு.

லினக்ஸ் இந்த இடத்துக்கு வந்தது 2024-ல், 6.8 பதிப்பில். மவுண்ட் ஆன பிளாக் டிவைஸில் எழுதுவதைத் தடுக்க ஒரு தேர்வு வைத்தார்கள். காரணம்கூட நம்ம கவலை இல்லை. சிஸ்பாட் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி, ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் காலடியில் எழுதி எழுதிக் கர்னலை விழவைத்துக்கொண்டே இருந்தது. அந்தப் புகார்களுக்குப் பதில் சொல்லி ஃபைல் சிஸ்டம்காரர்கள் களைத்துப்போனார்கள். இயல்புநிலையில் பழையபடி எழுத அனுமதிதான். தடை வேண்டுமென்றால் நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டாலும், டிஸ்க்குக்கு நேராக ஸ்கஸி கட்டளை அனுப்பும் வழி திறந்தே இருக்கிறது என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். நேர்மைக்கு நன்றி.

முழுவதுமாக மூடிவிடுங்கள் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. விசாரணை அதிகாரி வருவதும் இதே கதவு வழியாகத்தான். அழித்த கோப்பின் மிச்சம், யாருக்கும் சொந்தமில்லாத செக்டாரில் ஒளித்த நிரல் இதெல்லாம் கோப்பு அளவில் நகல் எடுத்தால் வராது. தட்டை முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை ராவாகப் படித்து, ஹாஷ் போட்டு வைக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின் சான்றிதழில் அந்த ஹாஷ் எண்ணுக்கென்றே இடம் இருக்கிறது. இங்கேயும் இயங்குதளம் ஒரு கோணல் செய்யும். கரண்ட் போய் அணைந்த ஒரு இஎக்ஸ்டி4 தட்டை "படிக்க மட்டும்" என்று சொல்லி மவுண்ட் செய்து பாருங்கள். முடிக்காமல் விட்ட ஜர்னலை முடிக்கிறேன் என்று அது தட்டில் எழுதிவிடும். ஹாஷ் மாறிவிடும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். டிவைஸையே எழுத முடியாததாக அமைக்க வேண்டும், அல்லது ரைட் பிளாக்கர் என்ற கருவியை நடுவில் மாட்ட வேண்டும். படிப்பதும் எழுதுவதும் ராவில் ஒரே அனுமதியாக இருக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செப்டம்பர் 4-க்குப் பிறகு அணுசக்தித் துறையின் நிபுணர்கள் விசாரித்தார்கள் என்று என்பிசிஐஎல் அறிக்கை சொல்கிறது. நல்லது. அந்த அறிக்கையில் நான் எதிர்பார்த்த வரிகள் சில உண்டு. பாஸ்வேர்ட் வெளியே போன அட்மின் கணக்கு எத்தனை கணினிகளில் செல்லும்? அவற்றில் எத்தனை கணினிகளின் தட்டுகள் செக்டார் செக்டாராக நகலெடுத்துப் பார்க்கப்பட்டன, அல்லது அந்த "ஒரு கணினி" மட்டும்தானா? பார்த்தபின் அவை சுத்தம் செய்யப்பட்டனவா, அல்லது பூட் பகுதி முதல் புதிதாக எழுதப்பட்டனவா? அன்றாட வேலைக்கு அட்மின் கணக்கில் உட்காருவது அங்கே நின்றதா? இந்த நாலு கேள்விக்கும் பதில் சொல்வதால் எந்த உலை ரகசியமும் வெளியே போகாது.